மிஸ்டேக்கா, எரரா, ஃபால்ட்டா? பையருக்கு மெயில் போடும் முன் ஒரு யோசனை

போன மாதம் ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டரை மணிக்கு அக்கா மகள் போன் செய்தாள். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சன்டைசராக, அதாவது சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையரோடு பேசி ஆர்டரை நடத்துகிறவளாக, சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது.

“மாமா, பையருக்கு ஒரு மெயில் போடோணுங். மிஸ்டேக்குன்னு போடறதா, எரர்னு போடறதா?”

விஷயம் இதுதான். 4,800 பீஸ் ரவுண்ட் நெக் ஆர்டர். பேக்கிங் மேசையில் ஒரு பெண் மடித்துக்கொண்டிருக்கும்போது எல் சைஸ் பனியனில் எம் லேபிள் இருப்பதைப் பார்த்திருக்கிறாள். எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்ததில் 312 பீஸ் அப்படி. லேபிளைப் பிரித்து மறுபடி தைக்க இரண்டு நாள் வேண்டும். அதனால் இன்ஸ்பெக்‌ஷன் தேதியைத் தள்ளக் கேட்க வேண்டும், காரணமும் சொல்ல வேண்டும். ஓனர் “நீயே எழுதும்மா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

ஒரே வார்த்தையில் பதில் சொல்லி போனை வைத்திருக்கலாம். ஆனால் முக்கால் மணி நேரம் பேசினோம். அந்தப் பேச்சைத்தான் கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே எழுதுகிறேன். இருபது வருடமாக இதே வேலையில் இருப்பவன் நான். இலக்கண வாத்தியார் இல்லை. இந்தச் சொற்களுக்குப் பணம் கட்டிக் கற்றுக்கொண்டவன்.

நம் ஊரில் எல்லாமே மிஸ்டேக்தான். துணியில் ஊசிக்கோடு விழுந்தாலும் மிஸ்டேக், பில்லில் வரியைத் தப்பாகப் போட்டாலும் மிஸ்டேக், கல்யாணப் பத்திரிகையில் பெரியப்பா பெயர் விட்டுப்போனாலும் மிஸ்டேக். “சின்ன மிஸ்டேக் ஆயிப்போச்சுங்” என்று சொன்னால் அவினாசியிலிருந்து தாராபுரம் வரைக்கும் புரியும், பாதிக் கோபமும் தணியும். வெள்ளைக்காரனிடம் இந்த ஒற்றைச் சொல்லை வைத்துக்கொண்டு பிழைப்பு நடத்த முடியாது. அவன் ஒவ்வொரு வகைத் தப்புக்கும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறான். எந்தப் பெயரை நாம் எடுக்கிறோமோ அதற்குத் தகுந்த பெட்டியில் நம்மைப் போட்டுவிடுவான்.

முதலில் மிஸ்டேக்கையே எடுப்போம். வடதேசத்து நார்ஸ் மொழியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொல். தப்பாக எடுப்பது என்பதுதான் அதன் உடம்பிலேயே இருக்கிற பொருள். ஒரு கை நீள்கிறது, இதை எடுப்பதற்குப் பதில் பக்கத்தில் இருப்பதை எடுத்துவிடுகிறது. அதனால் மிஸ்டேக்குக்குப் பின்னால் எப்போதும் ஒரு ஆள் இருப்பார். நினைத்தது ஒன்று, செய்தது ஒன்று, அல்லது நினைத்ததே தப்பு. “ஐ மிஸ்டுக் ஹிம் ஃபார் ஹிஸ் பிரதர்” என்றால் தம்பியைப் பார்த்து அண்ணன் என்று எண்ணிவிட்டேன் என்பது. மெர்ச்சன்டைசர் தவறான ஸ்டைல் நம்பரைத் துணிக்காரருக்கு அனுப்பினால் அது மிஸ்டேக். இயல்பான சொல், கனம் இல்லாதது, நேரில் பேசும்போதும் உறுத்தாது.

ஆனால் நம் ஆட்கள் இதைக் கெடுப்பது வேறு இடத்தில். “வீ டிட் எ மிஸ்டேக்” என்று எழுதுவார்கள். தப்பு பண்ணிவிட்டோம் என்பதில் இருக்கிற ‘பண்ணு’வை அப்படியே தூக்கி வைப்பதால் வருகிற வினை. ஆங்கிலத்தில் மிஸ்டேக்கை ‘மேக்’ பண்ண வேண்டும், ‘டூ’ பண்ணக் கூடாது. “மேட் எ மிஸ்டேக்”. அதே மாதிரி “மிஸ்டேக் இஸ் ஹேப்பன்ட்” என்பதும் நம் ‘ஆயிப்போச்சு’வின் நிழல். நடுவில் அந்த ‘இஸ்’ வேண்டியதில்லை. தெரியாமல் அனுப்பிவிட்டேன் என்பதற்கு “பை மிஸ்டேக்”. இந்த மூன்றையும் சரியாக எழுதினாலே மெயிலுக்கு ஒரு மரியாதை வந்துவிடும்.

எரர் வேறு ரகம். லத்தீனில் வழி தவறி அலைவது என்ற வினையிலிருந்து வந்தது. அங்கே கை இல்லை, பாதைதான் இருக்கிறது. ஒரு சரியான வழி இருக்கிறது, காரியம் அதைவிட்டு விலகிப்போய்விட்டது, எவ்வளவு விலகியது என்று அளந்து சொல்லலாம். அதனால்தான் கணக்கு, அளவு, அச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் எரரோடு சேர்கின்றன. பிரின்டிங் எரர், டைப்பிங் எரர், சர்வர் எரர். சர்வர் மிஸ்டேக் பண்ணியது என்று ஒருத்தரும் சொல்வதில்லை. சர்வருக்கு ஏது நினைப்பு? மிஸ்டேக்கைவிட எரர் ஒரு படி முறைசார்ந்தது, கொஞ்சம் குளிர்ச்சியானது. ஆளைக் காட்டாமல் காரியத்தைக் காட்டும். முன்னால் வரும் சொல் மாறுவதைக் கவனிக்க வேண்டும்: “பை மிஸ்டேக்”, ஆனால் “இன் எரர்”. “பை எரர்” என்று எழுதினால் ஏதோ இடறும்.

கோயம்புத்தூரில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கில் இருக்கும் பங்காளி ஒருவன் இதில் இன்னும் கறார். அவர்கள் பாடத்தில் ஆள் செய்வது எரர், அதனால் புரோகிராமுக்குள் உட்கார்ந்துகொள்வது டிஃபெக்ட், அது ஓடும்போது வெளியே தெரிந்து காரியம் கெட்டால் ஃபெயிலியர். டைலர் கவனம் சிதறியது ஒன்று, துணியில் விட்டுப்போன தையல் ஒன்று, வாங்கியவன் போட்டதும் கிழிந்தது ஒன்று என்று நான் எனக்குத் தெரிந்த பாஷையில் மாற்றி வைத்துக்கொண்டேன். அவர்கள் மிஸ்டேக்கையும் எரரையும் ஒரே தட்டில் வைப்பார்கள். நம் கடிதப் போக்குவரத்தில் அப்படி வைக்க முடியாது.

இனி ஃபால்ட். இதில் நான் நிறையப் பேசுவேன், காரணம் இருக்கிறது.

வேலைக்கு வந்து நான்கைந்து வருடம் ஆகியிருந்த சமயம். நேவி ப்ளூ டி-ஷர்ட்டில் ஷேட் வேரியேஷன். பெட்டிக்குப் பெட்டி நிறம் லேசாக மாறியிருந்தது. நடந்தது என்னவென்றால், அந்தப் பையர் முதலில் ஒரு லேப் டிப்பை (நிறம் பார்க்கச் சாயம் போட்ட மாதிரித் துண்டு) அப்ரூவ் செய்து, பாதித் துணி சாயம் போட்ட பிறகு “கொஞ்சம் டார்க்காக வேண்டும்” என்று வேறு ஒன்றை அனுப்பினார். பழைய துணியைத் தனியாகப் பிரித்து வைக்காமல் கட்டிங்குக்கு அனுப்பியது எங்கள் பக்கத்துக் காரியம். இரண்டு பேருக்கும் பங்கு இருந்தது. நான் மரியாதைக்காக, “சாரி, இட் இஸ் அவர் ஃபால்ட்” என்று எழுதிவிட்டேன்.

நம் ஊரில் “எங்க தப்புதானுங்க” என்பது பேச்சைத் தொடங்குவதற்கான பணிவு. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் “அட அதெல்லாம் இல்லீங், எங்க பக்கமும் இருக்குது” என்று பாதியை வாங்கிக்கொள்வார். பந்தியில் “போதும் போதும்” என்றால் இன்னும் ஒரு கரண்டி விழுகிற மாதிரி. அந்தப் பையர் பாதியை வாங்கிக்கொள்ளவில்லை. பத்து நாளில் டெபிட் நோட், அதாவது நமக்குத் தர வேண்டிய பணத்தில் பிடித்துக்கொள்கிறோம் என்ற சீட்டு, வந்தது. இணைப்பில் என் மெயில். அந்த ஒரு வரிக்குக் கீழே மஞ்சள் கோடு. லேப் டிப் மாற்றிய கதையை அப்புறம் எடுத்து வைத்தபோது, “நீங்களே ஒப்புக்கொண்டீர்களே” என்பதுதான் பதில். ஓனர் என்னைத் திட்டவில்லை. அந்த மெயிலை பிரின்ட் எடுத்து என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

ஃபால்ட்டுக்கு முன்னால் மை, அவர், யுவர் என்று ஒரு உடைமைச் சொல் வந்துவிட்டால், என்ன நடந்தது என்பதோடு யார் தலையில் விழ வேண்டும் என்பதையும் சொல்லிவிட்ட மாதிரி. “மை மிஸ்டேக்” என்றால் நான்தான் செய்தேன். “மை ஃபால்ட்” என்றால் பழி என்னுடையது. முதலாவதைச் சிரித்துக்கொண்டு சொல்லலாம், இரண்டாவதைச் சொல்லும் முன் ஓனரிடம் கேட்க வேண்டும். “ஹூ இஸ் அட் ஃபால்ட்” என்பதும் அதே பஞ்சாயத்துக் கேள்வி. “ஃபைன்ட் ஃபால்ட் வித்” என்றால் நொட்டம் சொல்வது. இதில் சொந்தக்காரர்கள் எல்லோரும் தேர்ந்தவர்கள்.

உடைமைச் சொல் இல்லாமல் ஆளை விட்டு இயந்திரத்துக்குப் போனால் அதே ஃபால்ட் சாதுவாகிவிடும். கோயம்புத்தூர் மோட்டார்க்காரர்கள் “எர்த் ஃபால்ட்டுங்” என்று சொல்லும்போது அதில் யார் மேலும் பழி இல்லை. வெறும் கோளாறு. ஆக, சொல் ஒன்றுதான். கம்பி மேல் உட்கார்ந்தால் ஒரு பொருள், ஆள் மேல் உட்கார்ந்தால் ஒரு பொருள்.

டிஃபெக்ட் பொருளோடு போகும். ஆள் செய்வது அல்ல அது, சரக்கில் இருப்பது. ஓட்டை, எண்ணெய்க் கறை, விட்டுப்போன தையல், கோணலான பிரின்ட். திருப்பூரில் பேச்சில் இதை டேமேஜ் என்போம், ஆனால் அது மெயிலில் ஆபத்து. ஆங்கிலத்தில் டேமேஜ் என்றால் நன்றாக இருந்த பொருள் அப்புறம் அடிபட்டது. கப்பலில் தண்ணீர் புகுந்தால் டேமேஜ், நிட்டிங்கிலேயே ஓட்டை விழுந்தால் டிஃபெக்ட். முதலாவதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது, இரண்டாவதற்கு நாம்தான் இருக்கிறோம்.

டிஃபெக்ட் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு கணக்குப் பட்டியலே நிற்கிறது. 4,800 பீஸ் உள்ள சரக்கை வழக்கமான இரண்டாம் நிலைச் சோதனையில் பார்த்தால் 200 பீஸ் எடுப்பார்கள். மேஜர் டிஃபெக்ட்டுக்கு ஏக்யூஎல் (ஏற்றுக்கொள்ளும் தர வரம்பு) 2.5 என்றால் பத்து வரை பாஸ், பதினொன்று வந்தால் மொத்தச் சரக்கும் ஃபெயில். மைனருக்கு 4.0 என்று வைத்திருந்தால் பதினான்கு வரை விடுவார்கள். கிரிட்டிக்கல் என்றால், உதாரணமாக உடைந்த ஊசி துணிக்குள் இருந்தால், ஒன்றுகூடக் கூடாது. தப்பான சைஸ் லேபிளைப் பெரும்பாலும் மேஜரில்தான் போடுவார்கள். அவளுடைய 312 பீஸ் என்பது நூற்றுக்கு ஆறரை. 200 எடுத்தால் பதிமூன்று வாக்கில் கையில் மாட்டும். பேக்கிங்கில் அந்தப் பெண் கண்ணில் படாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று போனிலேயே கூட்டிப் பார்த்து இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தோம்.

கூடவே ஒன்று. டிஃபெக்ட் வேறு, டிஃபெக்டிவ் வேறு. ஒரே பனியனில் கறையும் ஓட்டையும் இருந்தால் டிஃபெக்ட் இரண்டு, டிஃபெக்டிவ் பீஸ் ஒன்று. “ட்வென்ட்டி டிஃபெக்ட்ஸ்” என்று எழுதினால் இருபது பீஸ் கெட்டது என்று அர்த்தம் ஆகாது.

டிஸ்கிரிபன்ஸி என்று ஒன்று இருக்கிறது, சொல்லவே வாய் வலிக்கும். இரண்டு கணக்கு ஒத்துப்போகவில்லை என்பது மட்டும்தான் அது. எது சரி, எது தப்பு என்று அது சொல்வதில்லை. அதனால் எதிராளியின் தப்பைச் சுட்டிக்காட்ட இதைவிட நல்ல சொல் கிடையாது. “யு ஆர் மிஸ்டேக்கன்” என்று எழுதினால் முகத்தில் அடித்த மாதிரி. “தேர் சீம்ஸ் டு பி எ டிஸ்கிரிபன்ஸி பிட்வீன் யுவர் பிஓ அண்ட் த டெக் பேக்” என்றால், அதாவது உங்கள் ஆர்டர் காகிதமும் டிசைன் விவரக் காகிதமும் ஒத்துப்போகவில்லை போல என்றால், அவனே போய்ப் பார்த்து அவனே திருத்திக்கொள்வான். மானமும் மிச்சம், உறவும் மிச்சம்.

ஆனால் பேங்க் பக்கம் போனால் இதே சொல்லுக்குப் பல் முளைத்துவிடும். எல்சியில் (காகிதங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக பேங்க் கொடுக்கும் உறுதி) சரக்கு அனுப்புகிறவர்களுக்குத் தெரியும். எல்சிக்கான சர்வதேச விதிகளான யூசிபி 600-இன்படி காகிதங்கள் வந்து சேர்ந்த மறுநாளிலிருந்து ஐந்து பேங்க் வேலை நாளுக்குள் பார்த்து, ஒத்துப்போகாததை எல்லாம் டிஸ்கிரிபன்ஸி என்று பட்டியல் போட்டுப் பணத்தை மறுக்க பேங்குக்கு உரிமை உண்டு. இதில் எனக்குப் பிடித்த ஒரு நியாயம் இருக்கிறது. காகிதங்களைச் சோதிப்பதற்கென்று சர்வதேச வணிக சபை வெளியிட்ட நடைமுறையில், பொருள் மாறாத எழுத்துப் பிழையை டிஸ்கிரிபன்ஸியாகக் கொள்ளக் கூடாது என்று இருக்கிறது. மெஷின் என்பதில் ஒரு எழுத்து தப்பி விழுந்தால் பரவாயில்லை. மாடல் 321 என்று இருக்க வேண்டியதில் 123 என்று விழுந்தால் விடமாட்டார்கள். முன்னது டைப்பிங் எரர் மட்டும், பின்னது எரரும் டிஸ்கிரிபன்ஸியும். எழுத்தை மன்னிப்பார்கள், எண்ணை மன்னிக்க மாட்டார்கள் என்று புதிதாக வருகிறவர்களிடம் சொல்லி வைப்பேன்.

மிச்சச் சொற்களை அவளிடம் ஓட்டமாகத்தான் சொன்னேன். ஓவர்சைட் என்றால் கண்ணில் படாமல் விட்டுப்போனது. மெயிலில் அட்டாச்மென்ட் மறந்தால் “ட்யூ டு அன் ஓவர்சைட்” பொருத்தமான பணிவு. வேடிக்கை என்னவென்றால் அதே சொல்லுக்கு மேற்பார்வை என்றும் பொருள் உண்டு. மேற்பார்வை பார்த்தும் விட்டுப்போனால் ஒரே சொல் போதும் போல! லாப்ஸ் என்றால் கடமையில் சறுக்கல். பாதுகாப்பில், தணிக்கையில் வரும், நாமாக நம் மேல் போட்டுக்கொள்ள வேண்டியதில்லை. பிளண்டர் பெரிய மடத்தனம். செஸ் ஆட்டக் குறிப்பில் மிஸ்டேக்குக்கு ஒரு கேள்விக்குறி, பிளண்டருக்கு இரண்டு. பையருக்கு எழுதும் மெயிலில் அந்தச் சொல்லுக்கு வேலையே இல்லை.

இதையெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, “நம்ம தமிழ்ல இவ்வளவு இல்லீங்ளே மாமா” என்றாள். இருக்கிறது கண்ணு, நாம் எடுப்பதில்லை. எழுத்தில் பிழை, நடத்தையில் தவறு, பழி சேர்ந்தால் குற்றம், பொருளில் குறை, ஓட்டத்தில் கோளாறு, உபயோகம் கெட்டால் பழுது. சொல் வழக்கில் விலகினால் வழு, பெரியவர்கள் ஒப்புக்கொண்ட விலகல் என்றால் வழுவமைதி. இதற்கெல்லாம் இலக்கணம் எழுதிய நன்னூல் பவணந்தி முனிவரை எங்கள் பக்கம் பெருந்துறைக்கு அந்தண்டை சீனாபுரத்துக்காரர் என்றுதான் சொல்வது. அந்த மண்ணில் நின்றுகொண்டு எல்லாவற்றுக்கும் மிஸ்டேக் என்கிறோம். இன்னொன்றும் தோன்றியது. பிழை என்றால் தப்பு, பிழைத்தான் என்றால் உயிரோடு மீண்டான். தப்பு என்றால் தவறு, தப்பினான் என்றால் ஓடித் தப்பித்தான். ஏன் இரண்டு சொல்லிலும் இப்படி என்று யாராவது விவரம் தெரிந்தவர் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம். அவளுக்கு அப்போது இது தேவைப்படவில்லை. “மாமா, மணி ஒம்பதுங்” என்றாள்.

சரி, மெயிலுக்கு வருவோம்.

‘அவர் ஃபால்ட்’ முதலில் வெளியே. சரக்கு இன்னும் நம் கையில் இருக்கிறது, சரிசெய்யப்போகிறோம், பழியை யாருக்கும் பங்கு வைக்கிற கட்டமே வரவில்லை. டிஃபெக்டும் வேண்டாம். இன்ஸ்பெக்டர் அந்தச் சொல்லைப் பார்த்தால் தன் பட்டியலைத் திறந்துவிடுவார், சரிசெய்த பிறகு டிஃபெக்டே இருக்காது. டிஸ்கிரிபன்ஸி என்று எழுதினால் மறைக்கிற மாதிரி இருக்கும். பேக்கிங் லிஸ்டில்தான் எண்ணிக்கை இடிக்கிறது போல என்று அவன் வேறு எங்கேயோ தேடுவான். ஓவர்சைட் கொஞ்ச நேரம் ஆசை காட்டியது. ஆனால் விட்டுப்போகவில்லையே, பிடித்துவிட்டோமே. நமக்குச் சாதகமான விஷயமே அதுதான், அதைப் போய் மூடுவானேன்?

கடைசியில் மிஸ்டேக்கும் எரரும் நின்றன. “வீ மேட் எ மிஸ்டேக்” என்று எழுதினால் குறை ஒன்றும் இல்லை, நேர்மையாகவே இருக்கும். ஆனால் படிக்கிறவன் மனதில் உடனே ஒரு ஆள் வருவார்: யார் செய்தது, பயிற்சி இல்லையா, மற்ற சைஸிலும் அதே டைலரா? நடந்ததோ லேபிள் கட்டு மாறி லைனுக்குப் போனது. டைலர் கொடுத்த லேபிளைத்தான் தைத்தார். வழி மாறிப்போன காரியம், எண்ணிச் சொல்லக்கூடியது. அதற்கு எரர்தான் பொருந்துகிறது. “லேபிளிங் எரர்” என்று போடச் சொன்னேன்.

ஒரு எச்சரிக்கையோடு. எரர் என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்துகொள்வது நம் ஆபீஸ்களில் பெரிய நோய். “அன் எரர் ஹாஸ் அக்கர்ட்” என்று எழுதுவார்கள், ஏதோ முனி வந்து செய்துவிட்டுப் போன மாதிரி. ஆகவே வாக்கியத்தில் ஆள் இருக்க வேண்டும், தப்புக்கு அல்ல, கண்டுபிடித்ததற்கு. “வீ ஃபவுண்ட் எ லேபிளிங் எரர் இன் 312 பீசஸ்.” அடுத்த வரியில் என்ன செய்கிறோம், எப்போது முடியும். அதற்கு அடுத்த வரியில் புதுத் தேதி. மன்னிப்பு ஒரே ஒரு தடவை, கடைசியில். அவள் முதலில் எழுதி வைத்திருந்ததில் நான்கு சாரி இருந்தது.

இதுவே அவள் தனிப்பட்ட முறையில் லேபிள் ஆர்டரைத் தப்பாகப் போட்டிருந்தால், நான் எரர் என்று எழுத விட்டிருக்க மாட்டேன். “மை மிஸ்டேக்” என்று போடச் சொல்லியிருப்பேன். அங்கே அந்தச் சொல்தான் ஆம்பளை பொம்பளை எல்லோருக்கும் அழகு.

மெயில் ஒன்பதே காலுக்குப் போனது. சனியும் ஞாயிறும் உட்கார்ந்து லேபிளைப் பிரித்தார்கள். திங்கள் மத்தியானம் பதில் வந்தது என்று எனக்கு அப்படியே அனுப்பினாள். புதுத் தேதிக்குச் சம்மதம், மிக்ஸ்-அப்பை முன்கூட்டியே சொன்னதற்கு நன்றி, அவ்வளவுதான்.

கீழே அவள் கேள்வி: “மிக்ஸ்-அப்புங்களா? அத நாம பேசவே இல்லீங்ளே மாமா?”